கானா உச்ச நீதிமன்றம்: நீதிபதிகளின் எண்ணிக்கைக்கு ஏன் மேல்வரம்பு இல்லை?

வைகைக்கரையான்

2025 செப்டம்பர் 1-ஆம் தேதி கானாவின் தலைமை நீதிபதி கெர்ட்ரூட் டோர்கோர்னூவை அதிபர் ஜான் மஹாமா பதவியிலிருந்து நீக்கினார். ஐந்து பேர் கொண்ட குழு விசாரித்தது, அறிக்கை கொடுத்தது, உடனே ஆணை வந்துவிட்டது. நாடாளுமன்றத்தில் ஒரு வாக்கெடுப்புகூட நடக்கவில்லை. இந்தியாவில் உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்க இரு அவைகளும் சிறப்புப் பெரும்பான்மையோடு தீர்மானம் போட வேண்டும், அப்படி இதுவரை யாரையும் நீக்கியதில்லை. அதனால் இதைப் படித்தபோது தூக்கிவாரிப்போட்டது.

அப்புறம் கொஞ்சம் தேடிப் பார்த்தேன், குழப்பம் கூடியதுதான் மிச்சம். ஒரு வழக்கில் 5 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், இன்னொன்றில் 7 பேர், வேறொன்றில் 9 பேர். மொத்தம் எத்தனை நீதிபதிகள் என்பதற்கு ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். இந்த நீதிமன்றத்தை யார் அமைக்கிறார்கள், அதற்கு உண்மையில் எவ்வளவு அதிகாரம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டெமா செல்வம்

வைகை அண்ணே, நான் கானாவின் துறைமுக நகரமான டெமாவில் வேலை பார்க்கிறேன். இங்கே காலை வானொலியைத் திருப்பினால் அரசியல் அலசல்தான், அதில் பாதி நாள் நீதிமன்றம் வந்துவிடும். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், சட்ட நுணுக்கத்துக்குத் தேன்மொழி அக்கா வருவார்கள்.

1992 அரசியலமைப்பின் 11-ஆவது அத்தியாயம் நீதித்துறையைப் பற்றியது. அதில் 128-ஆவது பிரிவுப்படி உச்ச நீதிமன்றம் என்பது தலைமை நீதிபதியும் அவரைத் தவிரக் குறைந்தது 9 நீதிபதிகளும். அதிகபட்சம் எத்தனை என்று எங்கேயும் எழுதவில்லை. நீங்கள் பார்த்த ஆளுக்கொரு கணக்குக்கு இதுதான் காரணம். ஓய்வு பெறுகிறவர்கள், புதிதாக வருகிறவர்கள் என்று எண்ணிக்கை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் நைஜீரியாவில் தலைமை நீதிபதி தவிர 21 பேருக்கு மேல் கூடாது என்று அரசியலமைப்பே கட்டிப்போட்டிருக்கிறது.

நீதிபதியாக வர வழக்குரைஞராகி 15 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், நன்னடத்தையும் நேர்மையும் நிரூபணமாகியிருக்க வேண்டும். 70 வயதில் கட்டாய ஓய்வு. நியமிப்பவர் அதிபர். மற்ற நீதிபதிகளுக்கு நீதித்துறை மன்றத்தின் (இது நீதிமன்றம் இல்லை, தலைமை நீதிபதி தலைமையிலான ஆலோசனைக் குழு) பரிந்துரை வேண்டும், அரசு ஆலோசனை அவையைக் கலந்துகொள்ள வேண்டும், நாடாளுமன்றமும் ஒப்ப வேண்டும். தலைமை நீதிபதிக்கு அந்தப் பரிந்துரை தேவையில்லை, ஆலோசனை அவையும் நாடாளுமன்ற ஒப்புதலும் போதும். ஆலோசனை அவை என்பது ஒருவகை மூத்தோர் சபை. உறுப்பினர்களில் ஒரு பகுதியை அதிபரே நியமிக்கிறார், ஒரு பகுதியை வட்டாரங்கள் தேர்ந்தெடுத்து அனுப்புகின்றன.

நாடாளுமன்றக் குழு நீதிபதிகளை உட்காரவைத்துக் கேள்வி கேட்பதைத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டுவார்கள். பார்க்கச் சுவாரசியமாக இருக்கும். ஆனால் பெரும்பான்மைக் கட்சி யாரை வேண்டும் என்கிறதோ அவர் வந்துவிடுவார் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

வழக்கை விசாரிக்கக் குறைந்தது 5 பேர் போதும். எந்த ஐந்து பேர் என்பது தலைமை நீதிபதியின் கையில். தன் தீர்ப்பையே மறுபரிசீலனை செய்யும்போது மட்டும் குறைந்தது 7 பேர் வேண்டும். பெரிய வழக்குகளில் 9 பேர், சில சமயம் அதற்கு மேலும் உட்காருவார்கள்.

தேன்மொழி வழக்குரைஞர்

செல்வம் அமைப்பைச் சொல்லிவிட்டார், நான் அதிகாரத்தைச் சொல்கிறேன்.

இந்த நீதிமன்றத்துக்கு இரண்டு வேலைகள். முதலாவது, எல்லா நாட்டிலும் உள்ளதுபோல இறுதி மேல்முறையீடு. 129-ஆவது பிரிவுப்படி மற்ற எல்லா நீதிமன்றங்களும் அதன் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவை. அதுமட்டும் தன் பழைய தீர்ப்பிலிருந்து விலகிக்கொள்ளலாம்.

இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. அரசியலமைப்பின் இரண்டாவது பிரிவு, ஒரு சட்டமோ அரசின் செயலோ அரசியலமைப்புக்கு முரண் என்று கருதுகிறவர் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம் என்கிறது. தனக்குச் சொந்தமாகப் பாதிப்பு ஏற்பட்டது என்று காட்ட வேண்டியதில்லை, குடிமகன் என்பதே போதும். நம் இந்திய அரசியலமைப்பின் 32-ஆவது பிரிவு அடிப்படை உரிமை மீறப்பட்டால் மட்டும் திறக்கும் கதவு. கானாவில் அடிப்படை உரிமை வழக்குகள் உயர் நீதிமன்றத்துக்குப் போகின்றன. அரசியலமைப்பின் மற்ற எல்லா வரிகளுக்கும் உச்ச நீதிமன்றத்தின் கதவு திறந்திருக்கிறது. கீழ் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடக்கும்போது அரசியலமைப்பின் ஒரு வரிக்கு என்ன பொருள் என்ற கேள்வி எழுந்தால், அந்த நீதிமன்றம் வழக்கை அப்படியே நிறுத்திவைத்துக் கேள்வியை மேலே அனுப்ப வேண்டும்.

இதனால் என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். 2016-இல் மஹாமாவின் முதல் ஆட்சியில், குவான்டனாமோ சிறையிலிருந்த ஏமனைச் சேர்ந்த இருவரை அமெரிக்காவின் கேட்டலுக்கு இணங்கிக் கானா ஏற்றுக்கொண்டது. இரண்டு குடிமக்கள் வழக்குப் போட்டார்கள். வெளிநாட்டோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் ஏற்க வேண்டும் என்கிறது 75-ஆவது பிரிவு, அது நடக்கவில்லை என்பதுதான் வாதம். 2017 ஜூனில் 6-க்கு 1 என்று தீர்ப்பு வந்தது: ஒப்பந்தம் செல்லாது, நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோங்கள் அல்லது திருப்பி அனுப்புங்கள். அப்போது ஆட்சி மாறியிருந்தது. புதிய அரசு நாடாளுமன்றத்தின் ஒப்புதலை வாங்கிக்கொண்டது. சிறைக் கைதிகளுக்கு வாக்குரிமை உண்டு என்று 2010-இல் சொன்னதும் இப்படித் தனிமனிதர் கொண்டுவந்த வழக்கில்தான்.

நம்மவர்களுக்கு இன்னொரு செய்தி. நம் அரசியலமைப்பில் உள்ளதைப்போல அங்கேயும் அரசு நெறிமுறைக் கோட்பாடுகள் என்று ஒரு அத்தியாயம் இருக்கிறது. நம்முடையதில் 'எந்த நீதிமன்றமும் இவற்றை நடைமுறைப்படுத்த முடியாது' என்று வெளிப்படையாகவே எழுதிவைத்துவிட்டோம். கானாவில் 2008-இல் லாட்டரி நடத்துவோர் சங்கம் தொடுத்த வழக்கில், இந்த அத்தியாயமும் நீதிமன்றம் நடைமுறைப்படுத்தக்கூடியதே என்ற அனுமானத்தோடுதான் தொடங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. லாட்டரி வழக்கிலிருந்து இப்படி ஒரு தத்துவம் முளைத்தது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

கருத்துக் கந்தசாமி

அக்கா, காகிதத்தில் எல்லாம் அழகுதான். அந்த ஐந்து பேரைத் தலைமை நீதிபதி பொறுக்கி எடுக்கிறார், தலைமை நீதிபதியை அதிபர் பொறுக்கி எடுக்கிறார். கதவு எவ்வளவு அகலமாகத் திறந்திருந்தால் என்ன, உள்ளே உட்கார்ந்திருப்பவர் யார் என்பதுதானே விஷயம்?

பழைய பேப்பர்

கந்தசாமி கேட்பது 1961-லேயே எழுந்த கேள்வி. தங்கக் கடற்கரைக் குடியேற்றத்துக்கு (அன்றைய கானா) 1876-இல் ஆங்கிலேயர் ஓர் ஆணையின் மூலம் உச்ச நீதிமன்றம் அமைத்தார்கள். 1960-இல் கானா குடியரசானபோது லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போகும் மேல்முறையீடும் நின்றது. கடைசிச் சொல் அக்ராவுக்கு வந்தது. வந்த அடுத்த ஆண்டே சோதனை.

அசாந்தி மன்னரின் அவையில் மூத்தவர் பாஃபூர் ஓசெய் அகோட்டோ. அவரையும் இன்னும் ஏழு பேரையும் கானாவின் முதல் அதிபர் குவாமே நிக்ருமாவின் அரசு 1958-ஆம் ஆண்டுத் தடுப்புக்காவல் சட்டத்தில் பிடித்துப் போட்டிருந்தது. விசாரணையே இல்லாமல் ஐந்து ஆண்டு வரை வைத்திருக்கலாம். அவர்களுக்காக வாதாடியவர் ஜே.பி. டான்குவா. பதவியேற்கும்போது அதிபர் மக்களின் உரிமைகளைக் காப்பேன் என்று அரசியலமைப்பின்படி அறிக்கை செய்திருக்கிறாரே, அதற்கு இந்தச் சட்டம் முரணில்லையா என்று கேட்டார். தலைமை நீதிபதி ஆர்கு கோர்சாவின் அமர்வு, அந்த அறிக்கை இங்கிலாந்து அரசியின் முடிசூட்டு உறுதிமொழியைப் போன்றது, மனச்சாட்சியைக் கட்டுமே தவிர நீதிமன்றத்தில் செல்லாது என்று மனுவைத் தள்ளியது. வாதாடிய டான்குவாவே பிறகு அதே சட்டத்தில் சிறைப்பட்டு 1965-இல் என்சவாம் சிறையில் இறந்தார்.

இத்தனை அனுசரணையாக நடந்த கோர்சாவுக்கும் என்ன ஆனது? நிக்ருமா மீது குலுங்குகு என்ற ஊரில் குண்டு வீசப்பட்ட வழக்கில் அமைச்சராக இருந்த டாவியா அடமாஃபியோ உட்பட மூவரை 1963 டிசம்பரில் அவர் தலைமையிலான சிறப்பு நீதிமன்றம் விடுவித்தது. இரண்டே நாளில் நிக்ருமா அவரைத் தலைமை நீதிபதி பதவியிலிருந்து தூக்கினார். அடுத்த மாதம் ஒரு பொது வாக்கெடுப்பு வைத்து, எந்த நீதிபதியையும் அதிபர் நீக்கலாம் என்ற அதிகாரத்தையும் எழுதி வாங்கிக்கொண்டார். அந்த அமர்வில் இருந்த இன்னொருவர் எட்வர்ட் அகுஃபோ-அடோ. அவரும் பதவி இழந்தார், நிக்ருமாவின் ஆட்சி கவிழ்ந்த பிறகு தலைமை நீதிபதியாகத் திரும்பி வந்தார். அவருடைய மகன் நானா அகுஃபோ-அடோதான் 2017-இல் அதிபரானவர்.

1970-இல் பிரதமர் புசியா 568 அரசு ஊழியர்களை ஒரே மூச்சில் வீட்டுக்கு அனுப்பினார். சல்லா என்ற ஒருவர் வழக்குப் போட்டு ஜெயித்தார். அரசை ஒருவருக்கு வேலை கொடுக்கும்படி எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்த முடியாது என்று புசியா வானொலியில் பேசினார். இரண்டே ஆண்டில் ராணுவம் அவரையே வீட்டுக்கு அனுப்பியது, கூடவே உச்ச நீதிமன்றத்தையும் ஒழித்துக்கட்டியது. அதனால்தான் 1980-இல் டுஃபுவோர் வழக்கு வந்தபோது மேல்முறையீட்டு நீதிமன்றம் உச்ச நீதிமன்றமாக அமர்ந்து விசாரித்தது. அப்போதைய தலைமை நீதிபதி அபலூவை நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்குப் புதிதாக அனுப்பி, அது மறுத்ததும் பதவி போயிற்று என்றது அரசு. பதவியில் இருந்தவர் புதிய அரசியலமைப்பின்கீழும் தானாகவே தொடர்கிறார், யாரும் கேள்வி கேட்க வேண்டியதில்லை என்று தீர்ப்பு. இன்றும் கானா சட்ட மாணவர்கள் முதலில் படிக்கும் வழக்குகளில் இது ஒன்று.

1982 ஜூன் 30 இரவு நடந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜெரி ராலிங்ஸின் ராணுவ ஆட்சி, ஊரடங்கு நேரம். உயர் நீதிமன்ற நீதிபதிகள் ஃப்ரெட் போகு சார்கோடீ, சிசிலியா கோரன்டெங்-அடோ, குவாட்வோ அக்யேய் அக்யெபாங், அவர்களோடு ஓய்வுபெற்ற மேஜர் சாம் அக்வா ஆகியோரை வீடுகளிலிருந்து கடத்திக்கொண்டுபோய் புண்டாசே ராணுவத் திடலில் சுட்டுக்கொன்றார்கள். சிசிலியா அப்போது கைக்குழந்தைக்குத் தாய். முந்தைய ராணுவ ஆட்சியின் சிறப்பு நீதிமன்றங்கள் சிறைக்கு அனுப்பியவர்களை இந்த நீதிபதிகள் விடுவித்திருந்தார்கள். ஆட்சிக் குழுவின் உறுப்பினராக இருந்த அமார்ட்டே குவேய் இதற்காக 1983-இல் சுட்டுக்கொல்லப்பட்டார். உத்தரவு எவ்வளவு மேலிருந்து வந்தது என்பது கானாவில் இன்றும் தீராத சர்ச்சை. அந்த மூன்று நீதிபதிகளின் சிலைகள் அக்ராவில் உச்ச நீதிமன்றத்தின் முன்னால் நிற்கின்றன.

டெமா செல்வம்

பழைய பேப்பர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஜூன் 30-ஆம் தேதி ஒவ்வோர் ஆண்டும் நீதிபதிகளும் வழக்குரைஞர்களும் அந்தச் சிலைகளுக்கு மலர்வளையம் வைப்பார்கள். இது பழங்கதை இல்லை. 2016-இல் ஒரு வானொலி நிகழ்ச்சியில் பேசியவர்கள், வாக்காளர் பட்டியல் வழக்கை விசாரித்த நீதிபதிகளுக்கு 1982-ஐ நினைவுபடுத்தி மிரட்டல் விடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் மூவருக்கு நான்கு மாதம் சிறை கொடுத்தது. ஒரு மாதம் முடிவதற்குள் அதிபர் மஹாமா மீதித் தண்டனையைக் குறைத்து வெளியே விட்டார்.

கருத்துக் கந்தசாமி

சரி, அது எல்லாம் ராணுவமும் சர்வாதிகாரமும். 1992-க்குப் பிறகு ஒழுங்காக நடக்கிறது என்கிறீர்களா? கானாவில் இந்த நீதிமன்றத்துக்கு 'யுனானிமஸ் எஃப்.சி.' என்று கால்பந்து அணிபோலப் பட்டப்பெயர் உண்டு என்று படித்தேன். அரசியல் வழக்கு எது வந்தாலும் ஆளும் தரப்புக்கு ஒருமனதாக ஒரு கோல்.

தேன்மொழி வழக்குரைஞர்

பட்டப்பெயர் உண்மை, அகுஃபோ-அடோ ஆட்சியில் அப்போதைய எதிர்க்கட்சி ஆதரவாளர்கள் வைத்தது. ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், தம்பி. 1993-இல் ராலிங்ஸ் தேர்தலில் வென்ற அதிபராக இருந்தபோதே, அவர் ஆட்சியைப் பிடித்த டிசம்பர் 31-ஐ அரசுப் பணத்தில் கொண்டாடக் கூடாது என்று எதிர்க்கட்சி வழக்குப் போட்டது. விழாவுக்குச் சற்று முன் 5-க்கு 4 என்று எதிர்க்கட்சி பக்கம் தீர்ப்பு. பதினோரு ஆண்டுக்கு முன் நீதிபதிகள் கொல்லப்பட்ட ஊரில், அதே ஆள் அதிபராக இருக்கும்போது ஐந்து நீதிபதிகள் இப்படி எழுதினார்கள். அதே ஆண்டு, ஊர்வலம் போகக் காவல்துறையின் அனுமதி தேவையில்லை என்றும் சொன்னார்கள்.

இப்போது உங்கள் பக்கத்துக்கு வலுச் சேர்க்கும் வழக்கையும் நானே சொல்கிறேன். 2002 பிப்ரவரி. அரசு எண்ணெய் நிறுவனத்தின் தலைவராக இருந்த சாட்சு சிக்காட்டாவை புதிய அதிபர் குஃபூரின் அரசு விரைவு நீதிமன்றத்தில் நிறுத்தியது. அப்படி ஒரு நீதிமன்றமே அரசியலமைப்பில் இல்லை என்றார் அவர். உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று ஒத்துக்கொண்டது. அரசு மறுபரிசீலனை கேட்டது. இடையில் அதிபர் டிக்சன் அஃப்ரேயைப் புதிதாக உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார். ஜூனில் 11 பேர் அமர்ந்தார்கள், 6-க்கு 5 என்று தீர்ப்பு தலைகீழானது. எண்ணிக்கைக்கு மேல்வரம்பு இல்லை, அமர்வில் எத்தனை பேர் என்பதும் நெகிழ்வானது, மறுபரிசீலனைக்கு நாளும் இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் கிடையாது. சட்டப்படி யாரும் தவறு செய்யவில்லை என்பதுதான் கடுப்பேற்றுகிற விஷயம்.

வைகைக்கரையான்

ஆளும் கட்சி தோற்றால் ஒரு நீதிபதியைக் கூடுதலாகப் போட்டு ஜெயிக்கலாம் என்றால், தேர்தல் வழக்குகளை எப்படி நம்பினார்கள்? அதிபர் தேர்தலே அங்கேதானே முடிவாகிறது?

டெமா செல்வம்

ஆமாம், முடிவு அறிவித்த 21 நாளுக்குள் எந்தக் குடிமகனும் உச்ச நீதிமன்றத்தில் மனுப் போடலாம். 2012 தேர்தலில் மஹாமா வென்றார். தோற்ற அகுஃபோ-அடோ, அவருடைய துணை அதிபர் வேட்பாளர் பவுமியா, அவர்கள் கட்சித் தலைவர் ஒபெட்செபி-லாம்ப்டே மூவரும் மனுப் போட்டார்கள். 2013-இல் ஒன்பது நீதிபதிகள், நீதிபதி அடுகுபா தலைமையில், மாதக்கணக்கில் விசாரித்தார்கள். அதைத் தொலைக்காட்சியில் முழுதாக நேரடி ஒளிபரப்புச் செய்தார்கள். வாக்குச்சாவடியின் எண்ணிக்கைத் தாள் இளஞ்சிவப்பு நிறம் என்பதால் 'பிங்க் ஷீட்' என்ற சொல் கடைத்தெருவரை வந்துவிட்டது என்று இங்குள்ளவர்கள் இன்றும் சொல்வார்கள். பவுமியா நாள்கணக்கில் சாட்சிக் கூண்டில் நின்றார். மஹாமா தரப்புக் கட்சிக்காக அவரைக் குறுக்குவிசாரணை செய்தவர் யார் தெரியுமா? தேன்மொழி அக்கா சொன்ன அதே சிக்காட்டா.

வெளியே பேசி நீதிமன்றத்தை அவமதித்ததாக ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு 10 நாள் சிறைகூடக் கொடுத்தார்கள். ஆகஸ்ட் 29-ஆம் தேதி மனு தள்ளுபடி. நீதிபதிகள் கடுமையாகப் பிரிந்திருந்தார்கள், ஒவ்வொரு குற்றச்சாட்டிலும் யார் எந்தப் பக்கம் என்று எண்ணுவதற்கே பல நாள் பிடித்தது. அகுஃபோ-அடோ தீர்ப்போடு உடன்பாடில்லை, ஆனாலும் ஏற்கிறேன் என்று சொல்லி மஹாமாவைத் தொலைபேசியில் வாழ்த்தினார். அன்று ஊர் அமைதியாக இருந்ததற்கு அது முக்கியக் காரணம் என்பார்கள். 2020 தேர்தலில் இடம் மாறியது. மஹாமா மனுதாரர், அகுஃபோ-அடோ எதிர்மனுதாரர். இந்தமுறை ஏழு நீதிபதிகள், 2021 மார்ச் 4-இல் ஒருமனதாகத் தள்ளுபடி. பட்டப்பெயர் சூடு பிடித்தது அங்கேதான்.

யாழ்வாணி

இதை வாசிக்க எங்கட இலங்கைக் கதை போலவே இருக்கிறது. 2013 ஜனவரியில் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்காவைப் பாராளுமன்றம் 155-க்கு 49 என்று வாக்களித்து நீக்கியது. விசாரித்த தெரிவுக்குழுவுக்கு அந்த அதிகாரமே இல்லை என்று உயர் நீதிமன்றம் (நீங்கள் உச்ச நீதிமன்றம் என்பதை நாங்கள் இப்படிச் சொல்வோம்) முன்கூட்டியே சொல்லியும் கேட்கவில்லை. வைகை, பாராளுமன்ற வாக்கெடுப்பு இருந்தால் பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள். ஆளும் தரப்பிடம் மூன்றில் இரண்டு இருந்தால் அது வெறும் சடங்கு.

மேல்வரம்பைப் பற்றியும் ஒரு சொல். எங்கட அரசியலமைப்பில் வரம்பு எழுதியே இருந்தது, பிரதம நீதியரசரோடு சேர்த்து 11 பேர். 2020-இல் 20-ஆவது திருத்தம் அதை 17 ஆக்கியது. எண்ணை எழுதிவைத்தால் மட்டும் போதாது.

தேன்மொழி வழக்குரைஞர்

யாழ்வாணி சொன்னது சரி. இந்தியாவிலும் எண்ணிக்கை சாதாரணச் சட்டத்தில்தான் இருக்கிறது, நாடாளுமன்றம் அதைப் பலமுறை உயர்த்தியிருக்கிறது. வைகையின் முதல் கேள்விக்கு இப்போது வருகிறேன்.

கானாவில் நீதிபதியை நீக்கும் வழி 146-ஆவது பிரிவு. தவறான நடத்தை, திறமையின்மை, உடல் அல்லது மனத் தளர்ச்சி, இவைதான் காரணமாகலாம். தலைமை நீதிபதி மீது மனு வந்தால் ஆலோசனை அவையைக் கலந்து அதிபர் ஐவர் குழு அமைக்கிறார். இரண்டு பேர் உச்ச நீதிமன்ற நீதிபதிகள், அவர்களில் ஒருவர் தலைவர். மற்ற மூவர் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருக்கக் கூடாது, வழக்குரைஞராகவும் இருக்கக் கூடாது. விசாரணை மூடிய அறையில். குழு சொல்வதை அதிபர் மீற முடியாது. நீக்கச் சொன்னால் நீக்கியே ஆக வேண்டும், வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். இந்தக் கடைசி வரியை எழுதியவர்கள் அதிபரின் கையைக் கட்டத்தான் எழுதினார்கள்.

மற்ற நீதிபதிகள் மீது மனு வந்தால் முதலில் தலைமை நீதிபதி முகாந்திரம் இருக்கிறதா என்று பார்ப்பார். தலைமை நீதிபதி மீதே வந்தால் யார் பார்ப்பது? அரசியலமைப்பு அங்கே மௌனம். முன்பு தலைமை நீதிபதி அக்வா மீது மனு வந்தபோது அக்யேய்-டும் என்பவர் தொடுத்த வழக்கில், அதிபரும் ஆலோசனை அவையும் முதலில் முகாந்திரம் பார்த்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அந்த இடைவெளியைத் தானே நிரப்பியது. இல்லையென்றால் எவர் வேண்டுமானாலும் ஒரு தாளை நீட்டித் தலைமை நீதிபதியை விசாரணைக்கு இழுக்கலாம்.

2025-இல் டோர்கோர்னூ மீது மூன்று மனுக்கள். முகாந்திரம் இருப்பதாகச் சொல்லி ஏப்ரல் 22-இல் இடைநீக்கம். குழுவுக்கு நீதிபதி ப்வாமாங் தலைவர். வெளிநாட்டுப் பயணங்களில் பொதுப்பணத்தைச் செலவிட்டது உள்ளிட்டவை குற்றச்சாட்டு. அவர் எல்லாவற்றையும் மறுத்தார், வெளிப்படையாக விசாரியுங்கள் என்று கேட்டார், அபுஜாவில் உள்ள, மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் கூட்டமைப்பின் (ECOWAS) நீதிமன்றம்வரை போனார். தவறான நடத்தை நிரூபணமானது என்று குழு சொல்ல, நீக்கம் வந்தது. 1992 அரசியலமைப்பின்கீழ் இப்படிப் பதவியிழந்த முதல் தலைமை நீதிபதி இவர்தான்.

குழுவில் ஒருவர் டோமலேவோ, முன்னாள் தலைமைத் தணிக்கையாளர். அகுஃபோ-அடோ அவரைக் கட்டாய விடுப்பில் அனுப்பியது அரசியலமைப்புக்கு முரண் என்று 2023-இல் இதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. கானாவில் எல்லோரும் எல்லோருடைய வழக்கிலும் எங்காவது தலைகாட்டுகிறார்கள்.

கருத்துக் கந்தசாமி

நடைமுறை சரியாக இருந்தாலும் காலத்தைப் பாருங்கள். அகுஃபோ-அடோ நியமித்த தலைமை நீதிபதி. 2024 அக்டோபரில் சபாநாயகர் பாக்பின் நான்கு உறுப்பினர்களின் இடங்கள் காலி என்று அறிவித்தபோது மறுநாளே தடை கொடுத்த நீதிமன்றம் அவருடையது. நவம்பரில் 5-க்கு 2 என்று சபாநாயகருக்கு எதிராகத் தீர்ப்பு. டிசம்பரில் தேர்தல், ஜனவரியில் மஹாமா அதிபர், ஏப்ரலில் இடைநீக்கம். நான்கு இடம் போயிருந்தால் பெரும்பான்மை மஹாமா கட்சிக்குப் போயிருக்கும். இது தற்செயலா?

பழைய பேப்பர்

தற்செயல் என்று யாரும் சொல்லவில்லை. கணக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது என்பதுதான் என் கருத்து. அந்த ஐந்து பேரும் அகுஃபோ-அடோ நியமித்த பெரும்பான்மையிலிருந்து வந்தவர்கள் என்று ஒரு தரப்பு சொன்னது. இடைநீக்கம் பழிவாங்கல் என்று மறுதரப்பு சொன்னது. குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்பதை மூடிய அறை விசாரணையால் வெளியே உள்ள யாரும் சரிபார்க்க முடியாது. அந்த மூடிய அறையையும் அரசியலமைப்புதான் கொடுத்தது, நீதிபதியின் மானத்தைக் காக்க.

எனக்கு உறுத்துவது வேறு. 2024-இல் டோர்கோர்னூ வேலைப்பளுவைக் காரணம் காட்டி இன்னும் ஐந்து நீதிபதிகள் வேண்டும் என்று பெயர்களைப் பரிந்துரைத்தார். மஹாமாவின் கட்சி அப்போது எதிர்க்கட்சி, நீதிமன்றத்தை ஆட்களால் நிரப்பப் பார்க்கிறார்கள் என்று குதித்தது. 2025 ஏப்ரலில் அதே மஹாமா ஒரே மூச்சில் ஏழு பேரை முன்மொழிந்தார். இப்போது எதிர்க்கட்சியான அகுஃபோ-அடோவின் கட்சி அதே வாக்கியத்தைத் திருப்பிச் சொன்னது. பொறுப்புத் தலைமை நீதிபதியாக இருந்த பாஃபோ-பானி பிறகு நிரந்தரத் தலைமை நீதிபதியானார். 2013 தேர்தல் வழக்கின் ஒன்பது பேரில் அவரும் ஒருவர்.

வைகைக்கரையான்

அப்படியானால் மேல்வரம்பு போடுவது எவ்வளவு கடினம்? இரண்டு கட்சியும் எதிர்க்கட்சியாக இருக்கும்போது கேட்கிறதே.

தேன்மொழி வழக்குரைஞர்

சட்டப்படி அவ்வளவு கடினம் இல்லை. கானாவில் அரசியலமைப்புப் பிரிவுகள் இரண்டு வகை. இறுக்கிக் கட்டப்பட்டவற்றை மாற்றப் பொது வாக்கெடுப்பு வேண்டும், வாக்காளர்களில் 40 விழுக்காடாவது வந்து, வந்தவர்களில் 75 விழுக்காடு ஆமாம் என்க வேண்டும். நீதிபதிகளை நீக்கும் 146-ஆவது பிரிவு இந்த வகை. மூடிய அறையைத் திறக்க நாடே வரிசையில் நிற்க வேண்டும். நீதிபதிகளின் எண்ணிக்கையைச் சொல்லும் 128 இந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு போதும். 2024 தேர்தலில் மஹாமாவின் கட்சி ஏறத்தாழ அந்த அளவு இடங்களோடுதான் வந்திருக்கிறது.

டெமா செல்வம்

அக்கா சொன்னதையே போன வாரம் இங்கே வானொலியில் ஒருவர் கேட்டார். ஆளும் கட்சிக்காரர் அரசியலமைப்பு மறுஆய்வு நடக்கிறது, அதில் பார்க்கலாம் என்றார். எதிர்க்கட்சிக்காரர் நாங்கள் திரும்பி வந்த பிறகு போடலாமே என்று சிரித்தார். அப்புறம் விளம்பர இடைவேளை.